பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் முழுசாகத் துடைப்பது எப்படி?

பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடும்போது கடைக்காரர் வழக்கமாகக் கேட்பார்: "டேட்டா ஏதாவது இருக்கா?" நாமும் "ஃபார்மேட் பண்ணிட்டேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவோம். அந்த ஃபார்மேட் எந்த ஃபார்மேட் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விண்டோஸில் ஒரு ஃபைலை டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால், அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் போகிறது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டதால் வீடு காலியாகிவிடாது, அதே கதைதான். அந்த இடத்தில் வேறொரு ஃபைல் வந்து உட்காரும்வரை பழைய டேட்டா அங்கேயே கிடக்கும். குயிக் ஃபார்மேட்டும் இதையே மொத்தமாகச் செய்கிறது. ரெக்யூவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும், ஓரளவு கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் கல்யாண ஆல்பத்திலிருந்து பேங்க் ஸ்டேட்மென்ட் வரை மீட்டுவிடலாம்.

இது புதுக்கதை இல்லை. அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2000-க்கும் 2002-க்கும் இடையே 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். ஓடிய 129-இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்துக்குள் இருந்தது. இருபது வருடம் கழித்து, 2022-இல், மார்கன் ஸ்டான்லி நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது. டேட்டா அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியிடம் பழைய டிஸ்க்குகளை ஒப்படைத்திருந்தார்கள். அவற்றில் சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன.

நம் ஊரில் எனக்கு அதிகம் கவலை தருவது பெரிய வங்கிகள் இல்லை, தெருமுனை ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும்தான். "வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்" என்பார்கள். அப்படி வந்த ஆதார், பான் கார்டு, சாதிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் அந்த சிஸ்டத்தின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வருடக்கணக்கில் சேர்கின்றன. கடைசியில் அந்த சிஸ்டம் சென்னை ரிச்சி தெருவுக்கோ காயலான் கடைக்கோ போகிறது. அப்படி ஒரு கடை வைத்திருப்பவர் இதைப் படித்தால், மற்ற எவரையும்விட உங்களுக்குத்தான் இது அவசியம்.

முதலில்: உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் சுழலும் காந்தத் தட்டுகளில் டேட்டாவை வைக்கும், எஸ்எஸ்டி சிப்புகளில் வைக்கும், ஆகவே இரண்டுக்கும் வழி வேறு. எஸ்எஸ்டியின் வழி பின்னால் தனியே வருகிறது. விண்டோஸ் 10, 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால், டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற பெயர்களுக்குக் கீழே அது எச்டிடியா (அதாவது ஹார்ட் டிஸ்க்கா) எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். சிஸ்டம் ஓடவில்லையென்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் கனமாக, உலோகப் பெட்டிபோல் இருப்பது ஹார்ட் டிஸ்க். லேசாக இருக்கும் தட்டையான பெட்டியோ, சூயிங்கம் அளவில் மதர்போர்டிலேயே செருகியிருக்கும் பச்சை, கறுப்புப் பட்டையோ எஸ்எஸ்டி.

துடைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

துடைத்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கையும் எல்லோரும் காப்பி செய்துவிடுவார்கள். தவறிப்போவது வேறு சில. டாலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை எடுப்பதோடு, லைசென்ஸையும் மறக்காமல் 'சரண்டர்' செய்யுங்கள். இல்லாவிட்டால் புது சிஸ்டத்தில் போடும்போது தலைவலி. அவுட்லுக்கில் மெயில் பார்த்தவர்கள் அதன் பிஎஸ்டி ஃபைலை எடுக்க வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் இன்னொன்று உண்டு: எழுத்துருக்கள். 2005 வாக்கில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய வேர்டு ஃபைல்கள் யூனிகோடில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் காப்பி செய்துகொள்ளுங்கள். பழைய சங்க மலர், தாத்தாவின் கவிதைகள் எல்லாம் இப்படித்தான் திறக்க முடியாமல் போகின்றன.

காப்பி செய்ததை வேறு சிஸ்டத்தில் போட்டு நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். அப்புறம் போனை எடுத்து, வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலிலிருந்தும் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் இந்தப் பழைய சிஸ்டத்தை நீக்கிவிடுங்கள்.

எளிய வழி: விண்டோஸின் ரீசெட்

வீட்டில் ஒரே ஒரு சிஸ்டம், அதில் விண்டோஸ் 10 அல்லது 11, தெரிந்தவருக்கோ உறவினருக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதுவே போதும். 'செட்டிங்ஸ்' உள்ளே 'ரெக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி', அப்புறம் 'ரிமூவ் எவ்ரிதிங்'. இத்தோடு எல்லோரும் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஃபைல்கள் வெறும் டெலீட்தான் ஆகும். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்ற சின்ன எழுத்தை அழுத்தி, 'கிளீன் டேட்டா' என்பதை 'எஸ்' என்று மாற்ற வேண்டும்.

அதே திரையில், எல்லா டிரைவ்களிலும் இருப்பதை அழிக்கட்டுமா என்றும் ஒரு கேள்வி வரும். அதையும் 'எஸ்' ஆக்குங்கள். நம் ஊரில் சிஸ்டம் அசெம்பிள் செய்பவர்கள் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். நாமும் முக்கியமான எல்லாவற்றையும் டி டிரைவில்தான் வைப்போம். சர்வீஸ் கடையில் "ஃபார்மேட் பண்ணி ஓஎஸ் போட்டாச்சு" என்றால் சி டிரைவ் மட்டும்தான். டி-யும் இ-யும் அப்படியே இருக்கும், மீட்கும் மென்பொருள்கூட வேண்டாம்.

இந்த ரீசெட் வீட்டு உபயோகத்துக்குத்தான், அரசு மற்றும் தொழில்துறைத் தரத்துக்கு இது வராது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. முன்பின் தெரியாதவருக்கு விற்பதாக இருந்தால் அடுத்த வழிக்கு வாருங்கள்.

நல்ல வழி: டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் துடைப்பது

இதற்கு ஒரு சாட்டா–யுஎஸ்பி கேபிள் வேண்டும். லேப்டாப் டிஸ்க், அதாவது இரண்டரை இஞ்ச், யுஎஸ்பியின் மின்சாரத்திலேயே ஓடும். டெஸ்க்டாப்பின் மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். அது இல்லாத கேபிளை வாங்கிவந்து "டிஸ்க் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரொம்பப் பழைய, அகலமான 40 பின் கொண்ட ஐடிஇ டிஸ்க் என்றால் அதற்கேற்ற கேபிள் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்கை மாட்டும் முன், அதன் மேலுள்ள ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயர், சீரியல் நம்பர், கொள்ளளவு மூன்றும் அதில் இருக்கும். பிறகு நீங்கள் துடைக்க விரும்பாத எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். இந்த வேலையில் உண்மையான ஆபத்து டேட்டா திருடன் இல்லை. தப்பான டிஸ்க்கைத் துடைத்துவிடுவதுதான்.

இனி ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' தேடி, வலது கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரையில் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக, ஆங்கில எழுத்தில், தட்டி என்டர் அழுத்த வேண்டும்.

முதலில் 'டிஸ்க்பார்ட்', ஒரே சொல்லாக. அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கொள்ளளவோடு பட்டியல் வரும். 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்றும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் காட்டும். ஏமாற்று இல்லை, கணக்கு போடும் முறை அப்படி. பழைய டிஸ்க் எண் 1 என்று வைத்துக்கொள்வோம். 'செலக்ட் டிஸ்க் 1' கொடுங்கள். உடனே அழிக்கப் போகாமல், 'டீடெயில் டிஸ்க்' கொடுத்து, வருகிற மாடல் பெயரை போனில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். கேபிள் சில சமயம் தன் சொந்தப் பெயரைக் காட்டும். அப்போது கொள்ளளவையும் உள்ளே உள்ள பார்ட்டிஷன்களையும் (சி, டி போன்ற பிரிவுகள்) வைத்து உறுதிசெய்யுங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் விண்டோவை மூடிவிட்டு முதலிலிருந்து வாருங்கள்.

சரிதான் என்றால் 'கிளீன் ஆல்'. இரண்டு சொல், நடுவே ஓர் இடைவெளி. வெறும் 'கிளீன்' என்று தட்டினால் பார்ட்டிஷன் விவரம் மட்டும் போய் ஒரு நொடியில் முடிந்துவிடும், டேட்டா அங்கேயே இருக்கும். 'ஆல்' சேர்த்தால்தான் டிஸ்க்கின் கடைசி மூலைவரை பூஜ்ஜியம் எழுதும். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது, என்டர் அழுத்திய நொடியே தொடங்கிவிடும்.

அதன்பின் திரையில் எதுவுமே நடக்காது. சதவீதம் காட்டாது, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஹேங் ஆகிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினாலும் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் எட்டு ஒன்பது மணி நேரம்கூட ஓடும். ஆகவே பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டி, சிஸ்டம் தூங்கிப்போகாதபடி 'ஸ்லீப்'பை அணைத்துவிட்டு, ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். நடுவில் கரண்ட் போனால் பயம் ஒன்றுமில்லை, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கழற்ற மனமில்லாதவர்களுக்கு

கேபினெட்டைத் திறக்கவே பிடிக்காது, அல்லது ஒரே நேரத்தில் பத்து சிஸ்டம் துடைக்க வேண்டும் என்றால் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பழைய ஆட்கள் டிபான் என்ற பெயரைச் சொல்வார்கள். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது, புது மெஷின்களில் தடுமாறும். ஷ்ரெட்ஓஎஸ்ஸுக்குள் இருக்கும் என்வைப் என்ற துடைக்கும் மென்பொருள், டிபானின் வழியில் வந்ததுதான். ஷ்ரெட்ஓஎஸ்ஸின் இமேஜ் ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு பென் டிரைவில் எழுதி, பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) 'செக்யூர் பூட்'டை அணைத்து, அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்ய, அதாவது சிஸ்டத்தைத் தொடங்க வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு பொதுவாக வந்துவிடும்.

நீலத் திரையில் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். சீரியல் நம்பரும் தெரியும் என்பதால் இங்கே ஆள் மாறாட்டத்துக்கு வாய்ப்பு குறைவு. ஸ்பேஸ் பாரால் தேர்வு செய்து, எம் எழுத்தை அழுத்தி 'ஃபில் வித் ஸீரோஸ்' முறைக்கு மாற்றி, ஷிஃப்ட்டோடு எஸ் அழுத்தினால் வேலை தொடங்கும். டிஸ்க்பார்ட் போலன்றி இது சதவீதமும் மீதி நேரமும் காட்டும். நான் யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போது இதைத்தான் சொல்வேன், கர்சரைப் பார்த்துப் பதறுகிற பாடாவது மிச்சம்.

ஒரு தடவை போதுமா?

ஷ்ரெட்ஓஎஸ்ஸில் வரும் துடைக்கும் முறைகளின் பட்டியலில் 'குட்மேன்' என்று ஒன்று இருக்கும். 35 தடவை எழுதும். பீட்டர் குட்மேன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த கணக்கு அது. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் டேட்டாவைக் குறியேற்றும் முறைகள் பல வகை. எல்லா வகைக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல்தான் அந்த 35. எந்த ஒரு டிஸ்க்குக்கும் முழுப்பட்டியலும் தேவையில்லை என்று குட்மேனே பிற்பாடு எழுதிவிட்டார். ஆனாலும் இன்றும் "35 பாஸ் போட்டாதான் சேஃப்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டுதலின்படி, இன்றைய காந்த டிஸ்க்கில் ஒரு தடவை முழுசாக மேலெழுதினாலே ஆய்வகத்தில்கூட மீட்பது நடவாத காரியம். பாதி டிஸ்க்கை ஏழு தடவை துடைப்பதைவிட, முழு டிஸ்க்கை ஒரு தடவை துடைத்துச் சரிபார்ப்பது மேல்.

துடைத்ததா என்று பார்ப்பது

இதை யாரும் செய்வதில்லை. ஐந்து நிமிட வேலைதான். எச்எக்ஸ்டி என்ற சின்ன இலவச மென்பொருளில் 'ஓபன் டிஸ்க்' கொடுத்து, அந்த டிஸ்க்கைத் திறங்கள். படிக்க மட்டும் திறக்கும் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுக்காதீர்கள். திரை முழுக்க 00 00 00 என்று ஓடினால் சரி. மேலே மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், ஸ்க்ரோல் பட்டையை நடுவிலும் கடைசியிலும் இழுத்துப் பாருங்கள். எங்காவது வேறு எண்களோ எழுத்துகளோ தட்டுப்பட்டால் துடைப்பு பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்து ஃபார்மேட் செய்வதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எஸ்எஸ்டிக்கு மேலே சொன்னது செல்லாது

எஸ்எஸ்டியில் நீங்கள் ஓர் இடத்தில் எழுதச் சொன்னால், அதன் கன்ட்ரோலர் தன் வசதிக்கு வேறோர் இடத்தில் எழுதிக்கொள்ளும். எல்லாச் செல்களும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. கூடவே, விண்டோஸ் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் உள்ளே உண்டு. ஆகவே பூஜ்ஜியம் எழுதினாலும் பழைய துண்டுகள் எங்காவது தங்கலாம். டிஸ்க்கும் வீணாகத் தேயும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

இங்கே டிஸ்க்கிடமே "உன்னை நீயே துடைத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். டெல், எச்பி, லெனோவோவின் அலுவலக மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே 'டேட்டா வைப்' அல்லது 'செக்யூர் இரேஸ்' என்று ஓர் இடம் இருக்கும். அதைக் கொடுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரித்த கம்பெனியின் மென்பொருளைப் பாருங்கள், சாம்சங்கில் அது மேஜிஷியன்.

இரண்டும் கைகூடவில்லையா? டேட்டாவைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரில் 'என்டயர் டிரைவ்' தேர்ந்தெடுத்து டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டு, அப்புறம் மேலே சொன்ன ரீசெட்டைச் செய்யுங்கள். சாவி போய்விட்டால் மிச்சமிருக்கும் துண்டுகள் பெரும்பாலும் யாருக்கும் அர்த்தமாகாது. ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் இருக்காது. 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள், அதுவும் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட். ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' கொடுத்தால் சாவி அங்கேயே அழிந்துவிடும்.

ஓடாத டிஸ்க்

டக் டக் என்று சத்தம் போடுகிற, சிஸ்டத்தில் வரவே மாட்டேன் என்கிற டிஸ்க்கை மென்பொருளால் துடைக்க முடியாது. "கெட்டுப்போனதுதானே" என்று தூக்கிக் கொடுக்கவும் கூடாது. கெட்டது பெரும்பாலும் சர்க்யூட் போர்டோ, டேட்டாவைப் படிக்கும் ஹெட்டோதான், தட்டில் டேட்டா நன்றாகவே இருக்கும். ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்ப்பது வீண்வேலை. அதைவிடப் பலமான காந்தம் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது.

டிரில்லர் எடுத்து, தட்டுகளை ஊடுருவும்படி மூன்று நான்கு ஓட்டை போடுவதுதான் வீட்டில் முடிந்த வழி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இறங்காதீர்கள். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு சில்லாகத் தெறிக்கும். எஸ்எஸ்டி என்றால் உள்ளே உள்ள ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் உடைய வேண்டும், ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டால் போதாது. எரிப்பது, ஆசிட் ஊற்றுவது எல்லாம் வேண்டாம், புகையே விஷம்.

உடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்; 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் அதற்காகத்தான். அலுவலகம் என்றால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரும் எழுதிய அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். "50 டிஸ்க்குகள் அழிக்கப்பட்டன" என்று ஒற்றை வரியில் தந்தால் வாங்காதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, காப்பி எடுத்த பக்கங்கள் அதில் தங்கும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற நிறுவனம் வாடகைக்கு எடுத்த மெஷின்களை டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. மெஷினை மாற்றும் முன் அட்மின் மெனுவில் டிஸ்க்கை மேலெழுதும் வசதி இருக்கிறதா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். சிசிடிவி டிவிஆருக்குள் இருப்பதும் பெரும்பாலும் சாதா மூன்றரை இஞ்ச் டிஸ்க்தான். அதற்கு 'கிளீன் ஆல்' போதும்.